சொறியாத பிள்ளை

தடுப்பூசியைப் பற்றிக் கேட்பீர்கள், பிரசவத்தைப் பற்றிக் கேட்பீர்கள் என்று நினைத்துத்தான் அன்றைக்கு உங்கள் கூட்டத்துக்கு வந்தேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "கரப்பான் பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போகவே சலிப்பா இருக்கு மேடம். எத்தனை தடவை போனாலும் அதே பிள்ளை, அதே சொறி, அதே கேள்வி. நாங்க என்னதான் செய்ய?" என்று கேட்டாள். எனக்கு விளாத்திகுளம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதாம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது பதில் இல்லை என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கடன்பட்ட பதில் இது.

எனக்குத் தேதி எழுதும் பழக்கம் உண்டு. எந்த ஊரில் எப்போது முதல் மழை விழுந்தது, எந்தத் தெருவுக்கு எப்போது குழாய் வந்தது, எந்த வருஷம் உளுந்து முளைத்துப் போனது என்றெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். வேலைக்கு உதவாத கிறுக்கு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இங்கே அதை அடக்கி வைக்கிறேன். இதில் வருகிறவர்கள் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். தேதி போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். நாகலாபுரத்துக்கு அந்தப் பக்கம், மிளகாய்ப் பழம் எடுக்கும் பருவம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரப்பானைப் பற்றி நீங்கள் படித்ததை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. தோல் வறண்டு, வெடித்து, அரித்து, சொறிந்து, நீர் கசிந்து, ஆறி, மறுபடியும் அரிக்கும். காய்ச்சலுக்கு ஒரு முடிவு உண்டு. வயிற்றுப்போக்குக்கு ஒரு முடிவு உண்டு. கரப்பானுக்கு நாளைக்கு என்று ஒன்றுதான் உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர அடங்கும் என்பது உண்மை. ஆனால் அதைத் தூக்கமில்லாத ஒரு தாயிடம் சொல்லிப் பாருங்கள். அவள் உங்களைப் பார்க்கும் பார்வையில் உங்களுக்கே வெட்கமாக இருக்கும். நம் பக்கத்தில் வெயிலும் காற்றும் கரிசல் தூசியும் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரும் சேர்ந்துகொண்டு அந்தத் தோலைச் சும்மா விடுவதில்லை. அதற்கு மேல் பஸ் நிலையத்து மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி வரும் களிம்புகள். ஒரு டியூபில் நாலு மருந்து கலந்திருக்கும். பூசியதும் பளிச்சென்று ஆகும். நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும்.

ஜெபா என்ற பெண்ணின் பிள்ளைக்கு மூன்றாம் மாதமே கன்னம் இரண்டும் சிவந்துவிட்டன. சிறு சம்சாரி வீடு. கொஞ்சம் மிளகாய், கொஞ்சம் பருத்தி. வேதக்காரர்கள், கூரைக்கு மேல் சின்னச் சிலுவை இருக்கும். ஜெபாவின் கணவன் சாமுவேல் லோடு வேன் ஓட்டினான். ஊர் ஊராகப் போய்த் தீப்பெட்டிப் பண்டல்களை ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். வாரக் கடைசியில்தான் வீடு. வீட்டை நடத்தியது அவனுடைய அக்கா எஸ்தர். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். குரல் இரண்டு வீடு தாண்டிக் கேட்கும்.

நான் முதல் முறை போனபோதே எஸ்தர் தீர்ப்பு வைத்திருந்தாள். "பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். தாயோட வாய்தான் கேடு. கரப்பான் பண்டத்தையெல்லாம் தின்னுட்டுப் பால் குடுத்தா தோல்ல வராம எங்கன வரும்?"

கத்தரிக்காய், கருவாடு, முட்டை, கம்பு, நிலக்கடலை, வாழைக்காய் எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. ஜெபா சோறும் ரசமும் சுட்ட அப்பளமும் சாப்பிட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. இந்தப் பத்தியத்தை நீங்கள் தெருவுக்குத் தெரு பார்ப்பீர்கள். ஏதோ ஒரு உணவு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு. அதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தாயின் சாப்பாட்டையே முழுசாகக் குறைத்துவிட்டால் பாதிக்கப்படுவது இரண்டு பேர்.

நான் எஸ்தரிடம் வாதாடவில்லை. அவளோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை என்று ஊரில் சொன்னார்கள். "முட்டையை மட்டும் திரும்பக் குடுத்துப் பாப்போம். பிள்ளைக்குக் கூடிச்சுன்னா நானே நிறுத்தச் சொல்லுதேன்" என்றேன்.

"கூடிச்சுன்னா?"

"நீங்க சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கிடுதேன்."

அவளுக்கு அந்தப் பேரம் பிடித்திருந்தது. முட்டை வந்தது. பிள்ளைக்குக் கூடவில்லை. ஆனால் எஸ்தர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கருவாட்டுத் தடையை மட்டும் இன்னும் இறுக்கினாள்.

அதன் பிறகு ஒரு சிக்கல் வந்தது. மருத்துவர் கொடுத்த களிம்பைப் பூசினால் பிள்ளை வீறிட்டது. மருந்து எரிகிறது என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். நான் போய் என் கையால் பூசினேன். பிள்ளை அழவில்லை. சிரித்தது. "கவர்மெண்டு கைன்னா பிள்ளைக்கும் பயம் போல" என்றாள் எஸ்தர். அப்புறம்தான் ஜெபாவின் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் சிவப்பு. காலையிலிருந்து பொழுது சாயும்வரை மிளகாய்ப் பழம் எடுத்த கை. எத்தனை தடவை கழுவினாலும் அந்தக் காரம் சட்டென்று போகாது. அந்தக் கையால்தான் வெடித்த தோலில் களிம்பு. விடியக்காலையில், மிளகாய்க் காட்டுக்குப் போவதற்கு முன், குளிப்பாட்டிய ஈரத்தோடு பூசச் சொன்னேன். மாசி முடிவதற்குள் கன்னம் தெளிந்தது. முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. பிள்ளையின் கைகளுக்குப் பழைய வேட்டித் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள் ஜெபா. இல்லாவிட்டால் தூக்கத்திலும் சொறியும்.

பங்குனியில் அவளிடமிருந்து போன் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள். எஸ்தரை அவள் மைனி என்றுதான் சொல்வாள்.

"சிஸ்டர், பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு. இந்த வாரம் வராதீங்க. மைனி ஏசும். களிம்பையெல்லாம் நிப்பாட்டியாச்சு."

"எங்கன போட்டிருக்கு?"

"கன்னத்துல, கழுத்துல, முழங்கை மடிப்புல. கொத்துக் கொத்தா."

"வயித்துல, முதுகுல?"

"அங்கன ஒண்ணும் இல்ல சிஸ்டர். காய்ச்சல் அனலா அடிக்குது."

"சொறியுதாளா?"

"இல்ல. அதான் ஆச்சரியம். கையைக் கட்டிப்போட வேண்டிய பிள்ளை, உறையைக் கழட்டிப் போட்டும் சொறியலை. அம்மை வந்ததுல அது ஒண்ணுதான் நிம்மதி."

அந்த நிம்மதியைக் கேட்டதும் நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். மாதக் கணக்காகச் சொறிந்துகொண்டே இருந்த பிள்ளை சொறிவதை நிறுத்தினால் அதற்கு அரிப்பு போய்விட்டது என்று அர்த்தமாகாது. தொட முடியாத அளவுக்கு வலிக்கிறது என்று அர்த்தமாகலாம். சாதாரண அம்மை நெஞ்சிலும் முதுகிலும் சிதறி வரும். ஒன்று கொப்புளமாக இருக்கும், ஒன்று வாடியிருக்கும். இது கரப்பான் இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. இப்படி ஒன்று உண்டு என்று படித்திருக்கிறேன். அதுவரை பார்த்ததில்லை. கரப்பான் தோலில் புகும் ஒரு வைரஸ். வேகமாகப் பரவும். கண்ணுக்குப் போனால் பார்வை போகும். உள்ளே இறங்கினால் உயிர் போகும். உடனே மருந்து ஏற்றினால் அடங்கும்.

உடனே என்பதுதான் பிரச்சினை. பெரியம்மை ஒழிந்த பிறகு வேலைக்கு வந்தவள் நான். அந்த நோய் போய்விட்டது. அதற்கென்று நம் வீடுகளில் இருந்த ஒழுங்கு போகவில்லை. கொப்புளம் என்று கண்டுவிட்டால் வாசலில் வேப்பிலை ஏறும். மருந்து இல்லை, ஊசி இல்லை, தாளிப்பு இல்லை, வெளியாள் இல்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை வாசல்படி தாண்டக் கூடாது. நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நோயாளியைத் தனியாக வைத்து, குளிர்ச்சியாகக் கொடுத்து, கூட்டத்தைத் தவிர்க்கும் ஒழுங்கு அது. சாதாரண அம்மைக்குப் பெரும்பாலும் கெடுதல் செய்யாது. இந்தப் பிள்ளைக்குச் செய்யும்.

வெயில் உச்சியில் இருந்தபோது போய்ச் சேர்ந்தேன். நிலையில் வேப்பங்கொத்து தொங்கியது. அதற்குப் பின்னால் சுவரில் பைபிள் வசனக் காலண்டர். எஸ்தர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அங்கனயே நில்லுங்க சிஸ்டர். வீட்டுல அம்மை கெடக்கு."

"வேப்பிலையைப் பாத்தேன்."

"அது காத்துக்குத்தான். நாங்க ஒண்ணும் கும்பிடலை" என்றாள் அவசரமாக. பாஸ்டரிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ.

"நான் உள்ள வரலை. பிள்ளையை வாசலுக்குக் கொண்டு வாங்க. வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துக்கிடுதேன்."

உள்ளேயிருந்து சாமுவேல்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அன்றைக்கு வேன் ஓட்டப் போகவில்லை. கன்னத்தில் கொத்தாகச் சின்னச் சின்னப் புண்கள். எல்லாம் ஒரே அளவு. ஆணியால் குத்தி எடுத்ததுபோல் வட்ட வட்டமான பள்ளங்கள். இடது இமை வீங்கியிருந்தது. பிள்ளை அழவில்லை. கண்ணைத் திறக்கவில்லை. வெட்டிப் போட்ட கொடிபோல் அவன் தோளில் தொங்கியது. அவன் பிள்ளையின் தலையை அணைத்துப் பிடித்திருந்தான். அப்போதுதான் அவன் உதட்டு ஓரத்தைப் பார்த்தேன். காய்ந்து உதிரத் தொடங்கிய பொருக்கு ஒன்று இருந்தது.

பார்த்ததைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் பிள்ளையை அந்த வாசலைத் தாண்ட வைப்பது மட்டும்தான் வேலை. இதை நினைவில் வையுங்கள்: நெருக்கடியில் உங்களுக்குத் தெரிந்த எல்லா உண்மையும் ஒரே நேரத்தில் தேவைப்படாது.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே" என்றேன்.

"அம்மைக்கு எந்தக் கிறுக்கன் ஆஸ்பத்திரி போவான்?" என்றாள் எஸ்தர். "இத்தனை மாசமா வந்து போறீங்க. ஒரு சொறியை நிறுத்த முடியலை உங்களால. இப்ப அம்மையை நிறுத்தப் போறீங்களாக்கும்."

இது அம்மையே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். யார் சொன்னது சரி என்ற சண்டையாகியிருக்கும், அவள் ஜெயித்திருப்பாள், பிள்ளை அங்கேயே கிடந்திருக்கும்.

"கண்ணுகிட்ட வந்திருச்சு" என்றேன். "பேரு எதுவா வேணும்னாலும் இருக்கட்டும். கண்ணுக்குள்ள இறங்கிச்சுன்னா பார்வை போயிரும். பொம்பளப் பிள்ளை."

எஸ்தர் வாசலை விட்டு என் பக்கமாக வந்தாள். அப்புறம் குரல் இறங்கியது. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "இவனுக்கு முன்னால எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான் சிஸ்டர். அம்மை கண்டப்போ ஊரே வேண்டாம்னு சொல்லிச்சு. நான்தான் இடுப்புல தூக்கி வச்சு டவுனுக்குக் கொண்டு போனேன். ஊசி போட்டாவ. திரும்பி வரும்போது பஸ்ஸுலயே போயிட்டான். பொணம்னு தெரிஞ்சா எறக்கி விட்டுருவாவன்னு தூங்குத பிள்ளை மாதிரி மடியில வச்சுக் கொண்டாந்தேன். எனக்கு அப்ப பதிமூணு வயசு."

ஊசியால் அவன் சாகவில்லை, தாமதமாகப் போனதால் செத்திருப்பான் என்று சொல்லலாம். எனக்கு அது எப்படித் தெரியும்? அந்தச் சுமையை இடுப்பில் வைத்து நடந்தவள் அவள். அறியாமை என்று நாம் எளிதாக எழுதிவிடுகிற பல இடங்களில் இப்படி ஒன்று உட்கார்ந்திருக்கும்.

"நான் கூட வாரேன்" என்றேன். "மருந்து ஏத்தும்போது பக்கத்துலயே நிப்பேன். ஒண்ணு ஆச்சுன்னா என் வீட்டு வாசல்ல வந்து நின்னு ஊர் கேக்க ஏசுங்க."

இப்படி வாக்குக் கொடுக்கக்கூடாது என்று பயிற்சியில் உங்களுக்குச் சொல்வார்கள். சரிதான், கொடுக்கக்கூடாது. நமக்குக் கையில் இல்லாத ஒன்றுக்கு நாம் பொறுப்பு ஏற்கிறோம். ஆனாலும் சில வாசல்களில் கொடுப்பதற்கு வேறு எதுவும் இருக்காது.

எஸ்தர் வானத்தைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "தண்ணி ஊத்தாம வாசல் தாண்டக் கூடாது. ஞாயித்துக்கிழமைதான் ஊத்தணும்."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"கால்ல மட்டும் ஊத்துங்க. இப்பவே" என்றேன். "ஒரு கை."

"அப்படி ஊத்துத வழக்கம் இல்லையே."

"கண்ணுக்கு வந்தா ஊத்தலாம்." அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. நான் அந்த இடத்தில் உண்டாக்கினேன்.

எஸ்தர் என்னை நம்பினாளா, நம்பியதுபோல் நடிக்க ஒரு சாக்குக் கிடைத்ததென்று எடுத்துக்கொண்டாளா என்று இன்றுவரை தெரியவில்லை. உள்ளே போய் வெயிலில் வைத்திருந்த வேப்பிலைத் தண்ணீரைச் செம்பில் மொண்டு வந்தாள். "ஏசப்பா, எம் பிள்ளையைத் திரும்பக் கொண்டாந்துரும்" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையின் பாதத்தில் ஊற்றினாள். பாதித் தண்ணீர் சாமுவேலின் வேட்டியில் விழுந்தது. பிறகு ஜெபாவைப் பார்த்து, "ஏட்டி, மரம் மாதிரி நிக்க? துண்டை எடுத்துட்டு ஏறு வண்டில" என்று கத்தினாள். பழைய குரல் திரும்பிவிட்டது.

சாமுவேல் தீப்பெட்டிப் பண்டல்களை வாசலில் இறக்கிப் போட்டுவிட்டு வேனை எடுத்தான். வண்டி எட்டயபுரம் தாண்டியது. அதன் பிறகு ஜெபா என் காதோடு சொன்னாள். "சிஸ்டர், போன வாரம் எங்க சித்தி வீட்டுல சீலாக் கருவாடு ரெண்டு துண்டு தின்னுட்டேன். அதுலதான் வந்திருக்கு. மைனிகிட்டயும் சொல்லிட்டேன்."

"கருவாட்டுல வராது" என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை.

கோவில்பட்டியில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். பணியில் இருந்த பெண் மருத்துவர் பிள்ளையைப் பார்த்ததும் அடுத்த கேள்வி கேட்காமல் ஊசிக்குழாய் போடச் சொன்னார். கண் மருத்துவர் வந்து விளக்கை அடித்துப் பார்த்தார். "கருவிழிக்கு இன்னும் போகலை. ராத்திரியோட ராத்திரியா எப்படிப் போகுதுன்னு பாப்போம்" என்றார். நான் சொன்னபடி பக்கத்திலேயே நின்றேன். மருந்து ஏறும்போது எஸ்தர் பிள்ளையைப் பார்க்கவில்லை. பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மருத்துவர் என்னைத் தனியாக அழைத்தார். "வீட்டுல யாருக்காவது உதட்டுல கொப்புளம் வந்துச்சான்னு விசாரிங்க. அங்கேயிருந்துதான் வந்திருக்கும். மறுபடி வரக்கூடாது" என்றார்.

விசாரிக்க என்ன இருக்கிறது.

வார்டுக்குத் திரும்பினால் எஸ்தர் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "வாயைக் கட்ட முடியலை அவளுக்கு. கருவாட்டைத் தின்னுட்டு வந்து பால் குடுத்திருக்கா. நாங்க என்ன செய்ய முடியும்?" ஜெபா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். யாரோ வாங்கி வந்த இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. மறுநாளும் அப்படியே. சாப்பிடச் சொன்னால், "வேண்டாம் சிஸ்டர், இனிமே என் வாயால எதுவும் வேண்டாம்" என்றாள். பால் குறைந்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு அந்த நேரத்தில் அது ஒன்றுதான் இறங்கியது.

நான் களைத்திருந்தேன். உண்மையைச் சொல்ல மருத்துவர் இருக்கிறார், அவரே சொல்லட்டும் என்று பஸ் ஏறியிருக்கலாம். சொன்னால் சாமுவேல் என்ன ஆவான் என்பதும் எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் ஜெபா என்ன ஆகிக்கொண்டிருக்கிறாள் என்பது கண்ணெதிரே இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் யாருக்கும் வலிக்காத வழி ஒன்று இருக்கும் என்று தேடாதீர்கள். நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

அவனை எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனேன்.

"தம்பி, உதட்டுல அது எப்ப வந்துச்சு?"

"இதா? வெயில்ல லோடு அடிச்சா எப்பவும் வரும் சிஸ்டர். ரெண்டு வாரம் இருக்கும். ஏன்?"

நான் சொன்னேன். இந்தக் கிருமி ஏராளமான பேரிடம் சும்மா கிடக்கும், பெரியவர்களுக்கு ஒரு கொப்புளத்தோடு போய்விடும், கரப்பான் தோலுக்கு மட்டும் ஆகாது, இதை யாரும் உங்களுக்குச் சொன்னதில்லை, எல்லாம் சொன்னேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"வாரத்துக்கு ஒரு நாள்தான் சிஸ்டர் அவளைப் பாப்பேன். பாத்தா விடமாட்டேன். கன்னத்துலதான் குடுப்பேன்." உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அப்ப நான்தானா?" என்றான்.

"நீங்க இல்ல. அந்தக் கொப்புளம்."

"ரெண்டும் ஒரே மூஞ்சிலதான சிஸ்டர் இருக்கு."

அவன் எழுந்து நேராக வார்டுக்குப் போனான். நான் பின்னாலேயே ஓடினேன். எஸ்தர் புதிதாக வந்த ஒரு அம்மாளிடம் கருவாட்டுக் கதையை ஆரம்பித்திருந்தாள்.

"ஏக்கா, நிறுத்து. அவளை ஏசாத. நான்தான் குடுத்தேன். உதட்டுப் புண்ணோட முத்தம் குடுத்தேன். அதுல வந்திருக்கு."

"போலே. முத்தம் குடுத்தா அம்மை வருமாக்கும்? பொண்டாட்டியக் காப்பாத்த ஒரு கதை கட்டுத."

"சிஸ்டரைக் கேளு."

எஸ்தர் என்னைக் கேட்கவில்லை. மருத்துவர் வரும்வரை வாசலிலேயே காத்திருந்து அவரைக் கேட்டாள். அவர் சொன்னார். அவள் வெளியே போனாள். திரும்பி வரும்போது வேக வைத்த முட்டை இரண்டும் புரோட்டாவும் வாங்கி வந்து ஜெபாவின் மடியில் வைத்தாள். "தின்னு. பிள்ளைக்குப் பால் வேணும்லா" என்றாள். ஜெபா அழுதுகொண்டே சாப்பிட்டாள். எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். ஊரில் எவ்வளவு பேசுகிறவள், மன்னிப்புக் கேட்க ஒரு சொல் அவளிடம் இல்லை.

பிள்ளை பிழைத்தது. கண் தப்பியது. காய்ச்சல் விட்ட அன்று முதல் வேலையாகக் கழுத்தைச் சொறிந்தது. ஜெபா கைதட்டிச் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

இத்தோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் நம் வேலை வெற்றி பெற்ற இடத்தில் நிற்பதில்லை. சித்திரையில் நான் அந்த வீட்டுக்குப் போனபோது ஜெபா தேறியிருந்தாள். எஸ்தர் கருவாட்டுத் தடையை எடுக்கவில்லை, மற்றதை விட்டுவிட்டாள். சாமுவேல்தான் மாறிப்போயிருந்தான். வாரக் கடைசியில் வருவான். வாசலில் வேனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வான். பிள்ளை தவழ்ந்து போனால் எழுந்து நகர்ந்துவிடுவான். தூக்குவதில்லை. தொடுவதில்லை. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் சாப்பிட வருவான்.

"அவியளுக்குச் சொல்லுங்க சிஸ்டர்" என்றாள் ஜெபா. "பிள்ளை அப்பா அப்பான்னு கையை நீட்டுதா. அவிய திரும்பிக்கிடுதாவ."

உதடு ஆறியிருக்கும்போது பயமில்லை, கொப்புளம் இருக்கும்போது மட்டும் முகத்தைத் தள்ளி வைத்தால் போதும், கையைக் கழுவினால் போதும் என்று விளக்கினேன். "சரி சிஸ்டர்" என்றான். அடுத்த முறையும் அப்படியே இருந்தான். அதற்கடுத்த முறையும் அப்படியே. விளக்கம் அவனுக்குப் போதவில்லை. உண்மையைச் சொன்னது நான். அது அவனை என்ன செய்கிறது என்று பார்க்க மறுபடி மறுபடி போக வேண்டியதும் நான்தான். அந்த ஊருக்குப் போக வேண்டிய நாள் வந்தாலே எனக்குக் கால் கனக்கும். போனேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. அந்தச் சலிப்போடு போவதுதான் வேலை.

ஆடிக் காற்று தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பிள்ளையின் கால் முழுக்க வறண்டு வெடித்திருந்தது. களிம்பு டப்பாவை எடுத்து ஜெபாவிடம் கொடுக்காமல் சாமுவேலிடம் நீட்டினேன். "சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க. இனிமே நீங்க வீட்டுல இருக்குற நாள்ல இது உங்க வேலை."

"நான் வேண்டாம் சிஸ்டர்."

"முகத்தைத் தள்ளி வச்சுக்கிடுங்க. கையால பூசுங்க. கையில ஒண்ணும் இல்லையே?"

அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. எஸ்தர் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"ஏலே, ஒன்னையத் தூக்கி வளத்தவ நான். எனக்கு எத்தனை சொறி, எத்தனை சிரங்கு உன்னால வந்திருக்கும், உன்னைத் தூரப் போட்டேனா? போய்க் கையைக் கழுவுலே."

கழுவிவிட்டு வந்தான். துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். பிள்ளையை அவன் முன்னால் பாயில் விட்டாள் ஜெபா. இரண்டு விரலில் களிம்பை அள்ளி, பிள்ளையின் முழங்காலில் வைத்து, அழுத்தி, ஒரே இழுப்பாகப் பாதம்வரை இழுத்தான்.

"வண்டிக்கா கிரீஸ் வைக்க? பிள்ளைலே அது. மெதுவா" என்று கத்தினாள் எஸ்தர்.

அவன் துண்டுக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. மெதுவாகப் பூசினான். கணுக்கால், பாதம், விரல் இடுக்கு. முடித்துக் கையை எடுக்கப் போனபோது பிள்ளை அந்தக் களிம்புக் கையின் பெருவிரலைப் பிடித்துக்கொண்டது. ஜெபா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டப்பாவை மூடாமல் வைத்திருந்தேன்.

சாமுவேல் கையை எடுக்கவில்லை.